யாருடைய காதால் கேட்கிறோம்?

அட்ரியாட்டிக் கடலில் கோர்ச்சுலா என்றொரு தீவு. அதன் மேற்கு முனையில் வேலா லூகா என்ற மீன்பிடி ஊர். இன்று குரோஷியாவில் இருக்கும் அந்த ஊர், 1960களின் இறுதியில் யூகோஸ்லாவியாவில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கோடையில் அங்கே தங்கியிருந்தார் பிரெஞ்சு இசையமைப்பாளர் லுக் ஃபெராரி. ஊரின் அமைதியே அவரை விடியலுக்கு முன்பு, மூன்று நான்கு மணிக்கெல்லாம், எழுப்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சின்னஞ்சிறு படகுத்துறை. சுற்றிலும் குன்றுகள் இருந்ததால் ஒலி சிதறிப் போகாமல் அங்கேயே தங்கி நின்றது. ஃபெராரி ஜன்னலில் மைக்கை வைத்து, ஏறக்குறைய ஆறு மணிவரை டேப்பை ஓடவிட்டார். மறுநாளும் அப்படியே. நாட்கள் போகப்போக ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முதல் மீனவர் சைக்கிளில் போவது, முதல் கோழி, முதல் கழுதை, படகில் வந்து இறங்குபவர்களை ஏற்றிவரக் கிளம்பும் லாரி என்று சில ஒலிகள் தவறாமல் தம் நேரத்துக்கு வந்தன.

அந்தப் பதிவுகளிலிருந்து 1970இல் ஏறக்குறைய 21 நிமிட ஒலிப்படைப்பு ஒன்று உருவானது. ‘ப்ரெஸ்க் ரியென்’, அதாவது ‘ஏறக்குறைய ஒன்றுமில்லை’ என்று அதற்குப் பெயர். ‘கடலோரத்தில் விடியல்’ என்பது துணைத்தலைப்பு. வாத்தியம் எதுவும் இல்லை. மெட்டு இல்லை, தாளக்கட்டு இல்லை. படகு எஞ்சின் துடிக்கிறது, யாரோ நடக்கிறார்கள், பேச்சுக்குரல் வந்து போகிறது, ஒரு பெண்ணின் பாட்டு தூரத்தில் கேட்கிறது. கடைசியில் சிள்வண்டுகளின் ரீங்காரம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. டாய்ச் கிராமஃபோன் போன்ற பெரிய செவ்வியல் இசை நிறுவனம் இதைத் தட்டாக வெளியிட்டது. ஆனால் பாரிசில் ஃபெராரியோடு வேலை செய்த சகாக்கள், ஒலிகளைக் கொண்டு இசை செய்வதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள், இதை இசையென்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கம்தான் இந்தக் கட்டுரைக்கு வாசல். ரயில் சத்தத்தையும் கதவுக் கிறீச்சிடலையும் இசையாக ஏற்றவர்களுக்கு ஒரு மீன்பிடி ஊரின் காலை ஏன் தொண்டையில் சிக்கியது? இந்த வகை இசையை, எலெக்ட்ரோஅக்கூஸ்டிக் என்றும் களப்பதிவு என்றும் அழைக்கப்படும் இந்தப் பரப்பை, பலரும் இயற்கை ஒலியைச் சும்மா கேட்கும் சுகமாகவோ, விளங்காத இரைச்சலாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஒவ்வொரு பதிவிலும் இன்னொருவர் கேட்ட விதம் படிந்திருக்கிறது. எங்கே நின்றார், எப்போது பொத்தானை அழுத்தினார், எதை வெட்டினார், எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினார் என்பதெல்லாம் அந்த ஒலிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் இந்த இசை திறக்கிறது.

கதை 1948இல் பாரிசில் தொடங்குவதாக எழுதுவது வழக்கம். பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்தவர் பியேர் ஷெஃபெர். அவர் கையில் அப்போது டேப் இல்லை. நேரடியாகத் தட்டில் வெட்டிப் பதியும் இயந்திரங்களும், அவற்றைத் திரும்ப ஓட்டும் சுழல்மேசைகளும்தான் இருந்தன. பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போய் நீராவி எஞ்சின்களைப் பதிந்துவந்தார். தட்டின் தடம் சுருளாக உள்நோக்கிப் போகாமல் தன்னையே சுற்றி மூடிக்கொள்ளும்படி வெட்டினால், ஊசி அதே துண்டை ஓயாமல் ஒலிக்கும். தட்டில் கீறல் விழுந்தால் எரிச்சலூட்டும் அந்தத் திரும்பல் ஷெஃபெரின் கையில் கருவியாயிற்று. ஓர் ஒலியைப் பத்துமுறை, இருபதுமுறை அப்படித் திரும்பக் கேட்டால், ‘இது ரயில்’ என்ற எண்ணம் மெல்லக் கழன்றுவிடுகிறது. கனம், சொரசொரப்பு, ஏறி இறங்கும் வடிவம் ஆகியவையே மிஞ்சுகின்றன.

இன்னொரு சோதனை இதைவிட ஆழமானது. மணியடிக்கும் ஓசையைப் பதிந்தார், ஆனால் அடி விழும் கணத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு நீளும் கார்வையை மட்டும் எடுத்தார். கேட்டால் மணியாக இல்லை, ஓபோ என்ற ஊதுகருவிபோல ஒலித்தது. ஓர் ஒலி எதிலிருந்து வருகிறது என்பதைக் காது பெரும்பாலும் அதன் முதல் சில கணங்களை வைத்தே முடிவுசெய்கிறது. அந்த நுனியை வெட்டிவிட்டால் அடையாளம் போய்விடும். வீணையில் மீட்டு விழும் கணத்தை நீக்கிவிட்டுக் கார்வையை மட்டும் கேட்டால் நாமும் தடுமாறத்தான் செய்வோம். இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் ஷெஃபெரின் முழுத் தத்துவமும் கிளைத்தது. 1948 அக்டோபர் 5ஆம் தேதி அவருடைய ஐந்து இரைச்சல் பயிற்சிகள் வானொலியில் ஒலிபரப்பாயின. அவற்றில் ரயில் பயிற்சி ஏறக்குறைய மூன்று நிமிடம். 1966இல் வந்த ‘இசைப்பொருள்கள் பற்றிய பெருநூல்’ அந்தத் தத்துவத்தை விரித்தது. ஒலியை அதன் மூலத்திலிருந்தும் அர்த்தத்திலிருந்தும் பிரித்து, ஒலிக்காகவே கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பித்தாகரஸ் திரைக்குப் பின்னால் இருந்து பாடம் சொன்னதாகவும், சீடர்கள் குரலை மட்டுமே கேட்டதாகவும் ஒரு பழங்கதை உண்டு. ஸ்பீக்கரை அந்தத் திரையாகக் கண்டார்கள் ஷெஃபெரும் அவர் வட்டத்தினரும். 1974இல் அந்த வட்டத்தைச் சேர்ந்த ஃபிரான்சுவா பேய்ல் பல அளவுகளிலான ஸ்பீக்கர்களை மேடையில் வாத்தியக் குழுவைப்போல வரிசைப்படுத்தி ‘அக்கூஸ்மோனியம்’ அமைத்தது இந்த எண்ணத்தின் நீட்சி. மேடையில் மனிதர் யாரும் இல்லை.

ஆனால் அந்த ரயில் பயிற்சியை இன்று கேட்டால் ரயில் மறையவில்லை. ஊதல் ஒலித்ததும் நிலையம் கண்முன் வந்துவிடுகிறது. வெட்டி ஒட்டிய இடங்களில் மட்டும், தடக் தடக் என்பது தாளமாக மாறும் நொடிகளில், ரயில் விலகி நிற்கிறது. இந்த ஊசலாட்டத்தை அந்தப் படைப்பின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் உயிர். ஷெஃபெர் தம் கடைசிக் காலத்தில், தாம் தேடிப்போன புதிய இசை கிடைக்கவே இல்லை, ச ரி க ம போன்ற சுரக்கட்டுக்கு வெளியே இசை இல்லை என்று சொல்லும் அளவுக்கு மனம் கசந்திருந்தார். அந்தத் தீர்ப்பை அவருடைய மூன்று நிமிட ரயிலே மறுக்கிறது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தைப் பாரிசில் வைப்பதிலும் சிக்கல் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர், காந்தக் கம்பியில் ஒலியைப் பதியும் இயந்திரம் ஒன்றை வானொலி நிலையத்திலிருந்து கடன் வாங்கிக்கொண்டு போனார். ஸார் என்பது உடம்பில் புகுந்ததாக நம்பப்படும் ஆவியைத் தணிக்கும் சடங்கு. பெண்கள் முன்னின்று நடத்துவது. அந்தப் பாட்டையும் முழக்கத்தையும் பதிந்து வந்து, நிலையத்தில் எதிரொலியைக் கூட்டி, சில அதிர்வுகளை வடிகட்டி, சொற்களும் முழக்கமும் கரைந்து ஒரு மூட்டம்போலாகும் வரை மாற்றினார். அதே ஆண்டு கெய்ரோவில் ஒரு கலைக்கூடத்தில் அது ஒலித்தது. கேட்டவர்கள் சிலர்தான். அந்தப் பதிவின் ஒரு பகுதி உலகின் காதுக்கு வந்தது 2000இல்தான். ஒரு சமூகத்தின் குரலை எடுத்து, அடையாளம் தெரியாத ஒலிப்பொருளாக்கலாமா என்ற கேள்வியும் அங்கேயே, அந்த முதல் அடியிலேயே பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபெராரி ஷெஃபெரின் எதிரி அல்லர். 1958இல் ஷெஃபெரோடு சேர்ந்து இசை ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் 1963, 1964 வாக்கில் ‘எட்டெரோஸிகோட்’ என்ற படைப்பில், பேச்சும் கடற்கரையும் தெருவும் தம் அடையாளத்தோடே வந்து நிற்கும்படி விட்டார். திரையைக் கிழித்ததுபோல ஆயிற்று. ‘ப்ரெஸ்க் ரியென்’ இன்னும் ஓர் அடி போனது. இங்கே சைக்கிள் சைக்கிள்தான். கழுதை கழுதைதான். ஒலியை மூலத்திலிருந்து பிரிக்கும் தவத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்களுக்கு, மூலத்தை மறைக்கவே முயலாத ஒரு படைப்பு உழைப்பில்லாததாகத் தோன்றியிருக்கும்.

உழைப்பு நிறைய இருக்கிறது. பல நாட்களின் பதிவு ஒரே காலைபோல ஒட்டப்பட்டிருக்கிறது. மணிக்கணக்கான விடியல் 21 நிமிடத்துக்குள் நடக்கிறது. ஒட்டிய இடம் தெரியாதபடி ஒட்டியிருப்பதால்தான் ஒன்றுமே செய்யாததுபோலத் தோன்றுகிறது. கடைசியில் ஏறும் சிள்வண்டுச் சத்தத்தைக் கவனித்தால் இது தெளிவாகும். எந்த ஜன்னலிலும் சிள்வண்டு அந்த அளவுக்குப் படகையும் மனிதரையும் விழுங்குவதில்லை. அங்கே இசையமைப்பாளரின் கை வெளியே தெரிகிறது, தெரியட்டும் என்றே வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய இருபது நிமிடத்தையும் நாம் எவ்வளவு அப்பாவியாக நம்பினோம் என்பது அப்போது உறைக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? மைக் நடுநிலையானது, இருப்பதை அப்படியே எடுக்கிறது என்ற எண்ணத்திலிருந்து. ஒரு வகையில் அது உண்மை, அந்த உண்மையே சிக்கலும்கூட. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கும் மேளத்துக்கும் நூறு பேர் பேச்சுக்கும் நடுவே எதிரில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்கிறது. காது பொறுக்கி எடுக்கிறது, மூளை மற்றதைத் தள்ளிவைக்கிறது. மைக்குக்கு அந்தப் பொறுக்கும் திறன் கிடையாது. நாம் நின்ற அதே இடத்தில் பதிந்த டேப்பைப் பிறகு கேட்டால், அங்கே இவ்வளவு இரைச்சலா என்று திகைக்கிறோம். ஆக, நாம் கேட்ட இடத்தைத் திரும்பத் தருவதென்றால், பதிந்ததை அப்படியே வைத்தால் போதாது. ஏதோ ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் நகர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த நகர்த்தல் ஒளிந்திருக்கலாம், வெளியே தெரியலாம். களப்பதிவு இசையின் அழகியல் சண்டைகள் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் நடக்கின்றன.

கனடாவின் வான்கூவரில் சண்டை வேறு வடிவம் எடுத்தது. பெயர் ஒலிப்பில் ஷெஃபெரோடு ஏறக்குறைய ஒன்றான இன்னொருவர், ஆர். மர்ரே ஷேஃபர், சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கினார். ஒலியை மூலத்திலிருந்து பிரிப்பது பாரிஸ்காரருக்கு விடுதலை. வான்கூவர்காரருக்கு அது நோய், மனப்பிளவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஒரு பெயரே உண்டாக்கினார். ஊரின் ஒலிகளை ஆவணமாக்கி, மறையும் ஒலிகளைக் காத்து, நகர இரைச்சலை அடக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1973இல் அவர்கள் வெளியிட்ட வான்கூவர் ஒலித்தட்டுகளில் துறைமுகத்தின் ஊதல்களும் தேவாலய மணிகளும் இருக்கின்றன. 1977இல் வந்த அவருடைய நூல் ஒலிச்சூழல் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அமைதியான கிராமம் நல்லது, இரைச்சலான நகரம் கெட்டது என்ற அந்தத் தராசு எனக்கு ஒவ்வவில்லை. சந்தையும் திருவிழாவும் பேருந்து நிலையமும் சேர்ந்து வளர்த்த காதுகளுக்கு அந்தத் தராசு பொருந்தாது.

அந்தத் திட்டத்திலேயே ஆய்வாளராக இருந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப்தான், ஷேஃபரின் தராசையும் பாரிசின் திரையையும் ஒருங்கே தாண்டியவர் என்பது என் கணிப்பு. ஜெர்மனியில் பிறந்து 1968இல் கனடாவுக்குப் போனவர். அவருடைய ‘கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்’ 1989இல் வந்தது. பத்து நிமிடம்கூட முழுதாக இல்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதில் அவரே பேசுகிறார். வான்கூவர் நகரத்துக்குள்ளேயே ஒரு கடற்கரை, மிதமான ஜனவரிக் காலை. பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டலசு என்ற, ஓடுடைய சின்னஞ்சிறு உயிர்கள், நீர் வந்து போகும்போது எழுப்பும் நுண்ணிய சொடுக்கொலிகளைப் பதிகிறார். பின்னாலேயே நகரம் உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் நகரத்தின் சத்தத்தைத் தாம் கூட்டிக் காட்ட முடியும், குறைத்தும் காட்ட முடியும் என்று சொல்லியபடியே அப்படிச் செய்கிறார். சத்தம் எகிறுகிறது, இறங்குகிறது. பிறகு ஸ்டுடியோவுக்குப் போய் வடிகட்டிகளால் நகரத்தையே நீக்கிவிடலாம் என்கிறார். அடுத்த கணம் நகரம் இல்லை. நாம் கடற்கரையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். எப்போதோ ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டோம், எந்த நொடியில் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்த நுண்ணொலிகளிலிருந்து தாம் கண்ட கனவுகளைச் சொல்கிறார். எரியும் கரியின் வெடிப்பொலிகளிலிருந்து இசையமைப்பாளர் செனாகிஸ் 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காகச் செய்த படைப்பு வந்து போகிறது, மொஸார்ட் வந்து போகிறார். கடைசியில் நகரத்தைத் திரும்ப உள்ளே விடுகிறார். சிறிய ஒலிகளிடம் பெற்ற தெம்போடு அந்தப் பூதத்தை எதிர்கொள்ளலாம், அதோடு விளையாடவும் செய்யலாம் என்கிறார்.

மைக் பொய் சொல்ல முடியும் என்று கட்டுரை எழுதிச் சொல்வது சுலபம். அதே படைப்புக்குள், கேட்பவர் கண்ணெதிரே குமிழைத் திருப்பிக் காட்டிவிட்டு, அதன் பிறகும் அந்தக் கடற்கரையின் மேல் நமக்கிருந்த ஈடுபாடு குறையாமல் பார்த்துக்கொள்வது பெரிய கலை. ஏமாற்றை வெளிப்படுத்தியதால் மயக்கம் கலையவில்லை, கூடுகிறது.

இதே வெஸ்டர்காம்ப் 1992இல் ஒலிச்சூழல் பட்டறை ஒன்றுக்காக டெல்லிக்கு வந்தார். அங்கும் பிறகு வந்த பயணங்களிலும் பதிந்ததிலிருந்து 1997இல் செய்த படைப்பின் நீண்ட தலைப்பிலேயே ‘வேறோர் இடம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. தெரு வியாபாரிகளின் கரகரத்த கூவல்களும், உலோகப் பொருள்களின் மினுமினுப்பான ஒலிகளும் அதில் ஒன்றையொன்று உரசுகின்றன. பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் மிஷெல் ஷியோன் கேட்பதை மூன்றாகப் பிரிப்பார். எதிலிருந்து வருகிறது என்று கேட்பது ஒன்று, என்ன சொல்கிறது என்று கேட்பது ஒன்று, எப்படி ஒலிக்கிறது என்று கேட்பது ஒன்று. டெல்லிக்காரர் அந்தக் கூவலில் காய்கறியையும் விலையையும் கேட்பார். வெஸ்டர்காம்புக்கு இந்தி தெரியாது, அவருக்குக் குரலின் மணலும் வீச்சும்தான் முதலில். தமிழ்க் காது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கூவலின் வகை தெரியும், அது எந்தப் பொழுதுக்குரியது என்பதுகூடத் தோராயமாகத் தெரியும், சொற்கள் பாதி நழுவும். அந்த அரைகுறை அறிதலில் அப்படைப்பைக் கேட்பது வான்கூவர் ரசிகருக்கும் டெல்லி ரசிகருக்கும் கிடைக்காத அனுபவம். அதை நாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, வேறு யாரும் எழுத முடியாது.

ஸ்பெயின்காரர் ஃபிரான்சிஸ்கோ லோபெஸ் இந்த இடப்பற்றையெல்லாம் உதறியவர். சூழலியல் படித்த உயிரியலாளர் அவர், ஆனால் தம் பதிவுகளை ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். கோஸ்டா ரிக்காவின் லா செல்வா மழைக்காட்டில் பதிந்து 1998இல் வெளியிட்ட ‘லா செல்வா’ எழுபது நிமிடம் அளவு நீளும். பறவை, தவளை, பூச்சி என்று தனித்தனியாகப் பிடித்துப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் அதில் இல்லை. மழையும் இலையும் பூச்சியும் ஒரே சதையாக ஒலிக்கின்றன. காடு என்றால் விலங்குகளின் குரல் என்று நினைக்கிறோமே, மழை இலையில் விழும் சத்தம் செடியின் சத்தமும்தானே என்பது அவருடைய நல்ல கேள்வி. இயற்கை அமைதியானது என்ற நினைப்பை அந்த எழுபது நிமிடமும் அடித்துப்போடுகிறது. கச்சேரிகளில் கேட்பவர்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி கொடுப்பார். ஷெஃபெரின் திரை, காட்டைச் சுற்றி வந்து, கேட்பவரின் முகத்திலேயே ஏறிவிட்டது.

ஆனால் ஒலியை ஆவணமாக எடுக்கவே வேண்டாம் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அமெரிக்கர் பெர்னி க்ராஸ், கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளியில் 1988இல் பதிந்தார். தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டினால் காட்டுக்குக் கேடில்லை என்று மரவெட்டு நிறுவனம் சொல்லியிருந்தது. வெட்டி முடிந்த பின் 1989இல் அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் பதிந்தார். கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. காதுக்கு, ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும் போக ஏறக்குறைய எல்லாம் போயிருந்தது. பலமுறை திரும்பப் போயும் அந்த அடர்த்தி மீளவில்லை என்கிறார். இரண்டு பதிவுகளை அறிவியல் கணக்கெடுப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் கண் தவறவிட்டதைக் காது பிடித்த சாட்சி அது. ஒலிக்காகவே ஒலி என்று அதைக் கேட்பது எனக்கு முடியாத காரியம்.

காலத்தைச் சுருக்குவதில் இன்று மிகத் தேர்ந்த கை இங்கிலாந்தின் கிறிஸ் வாட்சனுடையது. 2003இல் வந்த ‘வெதர் ரிப்போர்ட்’ தட்டில், கென்யாவின் மசாய் மாராவில் விடியல் முதல் இருட்டும்வரை பதினான்கு மணிநேரத்தை 18 நிமிடமாக்கினார். 2011இல் வந்த ‘எல் ட்ரென் ஃபான்டாஸ்மா’ மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போன ரயிலின் பயணம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஒலிப்பதிவாளராகப் போனபோது எடுத்த பதிவுகள் அவை. கரைக்குக் கரை போன அந்தப் பயணிகள் சேவை பிறகு நின்றுபோனது. ஷெஃபெரின் ரயில் பயிற்சியைத் தம் தூண்டுதலாக வாட்சனே சொல்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளியுள்ள இந்த இரண்டு ரயில்களையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். முன்னவர் ரயிலை ரயிலாக இல்லாமல் ஆக்கப் போராடித் தோற்ற இடங்களில் அழகு பிறக்கிறது. பின்னவர் ரயிலை ரயிலாகவே விட்டுவிட்டு, தண்டவாளம் நீண்டு ரீங்கரிக்கும் இடங்களில் அது தானாகச் சுருதியாவதைக் காத்திருந்து பிடிக்கிறார்.

இவற்றைக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி என்பதைவிட ஏற்பாடு வேண்டும் என்பேன். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் தாழ்ந்த அதிர்வுகள் வரவே வராது, ‘கிட்ஸ் பீச்’சில் நகரத்தின் உறுமல் பாதி காணாமல் போகும், அதோடு அந்தப் படைப்பின் வாதமும் போகும். நல்ல ஹெட்போனோ, இரண்டு ஸ்பீக்கர்களோ தேவை. ஒலியளவும் முக்கியம். அந்த இடத்தில் நின்றிருந்தால் எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்குமோ அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், ‘ப்ரெஸ்க் ரியென்’ உரக்க வைத்தால் செத்துவிடும், ‘லா செல்வா’ தணித்து வைத்தால் வெறும் மழையாகிவிடும். இன்னொன்று: சங்கீதத்தில் பழகிய காது சுருதியைத் தேடும், பல்லவி திரும்ப வருமா என்று காத்திருக்கும். முதல் சில நிமிடங்களின் சலிப்பு அந்தத் தேடல்தான். அது அடங்க நேரம் கொடுத்தால், தூரம் புலனாகத் தொடங்கும். எது அருகில், எது மலைக்கு அந்தப் பக்கம், எது மைக்கின் மேலேயே காற்றாக மோதுகிறது என்று. ஜன்னலை மூடாமல் கேட்பதும் எனக்குப் பிடிக்கும். ஃபெராரியின் படகுத் துடிப்போடு தெருவில் போகும் ஆட்டோ கலக்கும், எது எங்கிருந்து வருகிறது என்று சில கணங்கள் தெரியாது. அந்தக் கலப்பைக் கெடுதலாக நான் எண்ணுவதில்லை.

முன்பு விட்ட கேள்விக்கு வருகிறேன். கெய்ரோவில் ஸார் பாடிய பெண்கள், வேலா லூகாவின் மீனவர், டெல்லியின் வியாபாரி ஆகியோர் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை. அவர்கள் குரல் இன்னொருவரின் படைப்பாக உலகம் சுற்றுகிறது. இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் மானிடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட். 1976 முதல் பாப்புவா நியூ கினியின் போசாவி மழைக்காட்டில் கலுலி மக்களோடு வாழ்ந்து ஆய்வுசெய்தவர். அடர்ந்த காட்டில் கண் சில அடிகளுக்கு மேல் போகாது. நேரத்தையும் தூரத்தையும் நீரோட்டத்தையும் அவர்கள் ஒலியால் அறிகிறார்கள். அவர்களுடைய பாட்டழகும் காட்டிலிருந்தே வந்தது. குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது அவர்களுக்கு அழகில்லை. ஒன்றன்மேல் ஒன்று சற்றே தள்ளி ஏறி, ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு ஒலிக்க வேண்டும். ஷேஃபர் நல்ல ஒலிச்சூழலுக்கு இலக்கணமாகச் சொன்ன தெளிவும் இடைவெளியும் இங்கே செல்லாது.

ஃபெல்ட் தம் பதிவுகளைக் காட்டிலேயே அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். எந்தப் பறவை மேலே வர வேண்டும், எந்த நீர்வீழ்ச்சி உள்ளே அடங்க வேண்டும், எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று அவர்களையே சொல்லவைத்து, ஒலிகளின் அளவை அதன்படி மாற்றினார். 1991இல் வெளியான ‘மழைக்காட்டின் குரல்கள்’ தட்டில் ஒரு முழு நாளின் இருபத்துநான்கு மணிநேரம் ஒரு மணிநேரமாகச் சுருங்கியிருக்கிறது. குமிழைத் திருப்பிய கை ஃபெல்டுடையது, எவ்வளவு என்று சொன்ன காது அவர்களுடையது. அதன் வருமானம் போசாவி மக்களுக்கான நிதிக்கென ஒதுக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தட்டில் சில ஒலிகள் இல்லை. எண்ணெய் தேடி வந்தவர்களின் ஹெலிகாப்டர்கள் அப்போது போசாவி வானத்தில் பறந்துகொண்டிருந்தன, மிஷன் தேவாலயத்தின் பாட்டும் மணியும் ஊர்களில் ஒலித்தன. ஃபெல்ட் அவற்றை வேண்டுமென்றே விட்டார். அழிவின் நடுவே, அழியக்கூடியது எது என்பதை அதன் முழு அழகோடு கேட்கச் செய்வதற்கு அந்த விலை தகும் என்று கருதினார். விமர்சனம் வந்தபோது அந்த விடுபடலை அவர் மறைக்கவும் இல்லை. தட்டைக் கேட்பவர் இப்போது இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. விடியலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பறவைகள் ஒருபுறம். அவற்றுக்கு மேலே பறந்த, தட்டில் பதியாத அந்த ஹெலிகாப்டர் இன்னொருபுறம்.